டெமரேராக் குழம்பும் இராயபுரத்துக் காக்கைகளும்

1951ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நான் சென்னைக்குப் போனது அச்செழுத்து வாங்க. பினாங்கில் எங்கள் வாசகசாலைக்குச் சொந்தமாக ஒரு சின்ன அச்சுக்கூடம் உண்டு. யுத்தகாலத்தில் அதிலிருந்த ஈய எழுத்துகளில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. மிச்சமிருந்ததை வைத்து ஒரு கல்யாணப் பத்திரிகைகூடக் கோக்க முடியாது என்ற நிலை வந்தபோது, எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பவன் என்பதால் உறுப்பினர்கள் என்னை அனுப்பினார்கள்.

வண்ணாரப்பேட்டையில் எழுத்து வார்க்கும் பட்டறைக்காரர் என்னை உட்காரவைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்து, ஈயம் இன்னும் வந்து சேரவில்லை என்றார். இரண்டு வாரமாவது ஆகுமாம். திரும்பும் கப்பலுக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் இருந்தது. கப்பல் கம்பெனி குமாஸ்தா ஒருவர் இராயபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறையைப் பேசிக்கொடுத்தார்.

கைரிக்‌ஷாவில் போனேன். எங்கள் ஊர் ரிக்‌ஷாவில் மிதிக்கிறவர் பின்னால் இருப்பார். நம் கண்ணுக்குத் தெருதான் தெரியும். இங்கே இழுக்கிறவர் முன்னால் ஓடுகிறார். இராயபுரம் வரை நான் பார்த்தது ஒரு முதுகைத்தான். இறங்கியபோது அவர் கேட்ட கேள்வியை மூன்று தடவை சொல்லச்சொல்லியும் எனக்கு விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து பேசிவந்த பாஷையில் ஊமையாக நிற்பது அதுவே முதல் தடவை. 'சாமான் எல்லாம் சரியாக இருக்கிறதா' என்று கேட்டாராம். வீட்டு வாசலில் நின்ற முதியவர்தான் சொன்னார்.

அந்த முதியவர் வீராசாமி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் ராஜம்மா, புருஷனை இழந்தவள், வீட்டையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டாள். வாசகசாலைக்காரன் என்று தெரிந்ததும் கிழவர் என்னை 'வாத்யாரே' என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் வாத்தியார் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அத்தொட்டு இன்னா, படிச்சிகீறே இல்ல?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

ரேஷன் அரிசிச் சோறு. கல் பொறுக்கிப் பொறுக்கி ராஜம்மாவுக்குக் கண் சிவந்திருக்கும். ஆனால் மீன் குழம்பு, அன்றைக்குக் காலையில் கரைக்கு வந்த மீனில் வைத்தது. பினாங்கில் புளியோடு தேங்காய்ப்பாலும் சேர்ப்போம். இவர்கள் மிளகாயையும் புளியையும் மட்டும் நம்புகிறார்கள். முதல் இரண்டு நாளும் நான் சாப்பிடும்போது கிழவர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை இரவு, அதுவரை அடக்கிவைத்த கேள்வியைக் கேட்டார். பினாங்கில் மரவள்ளிக் கிழங்கு உண்டா?

உண்டு என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் சொன்னார்.

வீராசாமியும் அவர் மனைவி அங்கம்மாவும் பிறந்தது தென்னமெரிக்காவில், டெமரேராவில். சர்க்கரைக்குப் பேர்போன அந்த இடத்தைப் பூகோளப் புத்தகத்தில் நான் படித்திருக்கிறேன். அங்கே தமிழ் பேசி வளர்ந்த ஒருவரை எதிரில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. இருவருடைய பெற்றோரும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். முதல் மகாயுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, சொந்த மண்ணில்தான் கண்ணை மூடுவேன் என்று வீராசாமியின் தகப்பனார் பிடிவாதம் பிடிக்க, குடும்பமே திரும்பிற்று. ராஜம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. வந்த வருஷமே தகப்பனார் இறந்துபோனார். மற்றவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

ஆக, மாமனாருக்குச் சொந்த மண்ணாக இருந்தது அங்கம்மாவுக்கு வெளிநாடு. இராயபுரத்தில் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய இருந்து, போன ஆகஸ்டில் செத்துப்போனாள். கடைசி நாட்களில் அவள் கேட்டது தண்ணீர்கூட இல்லை, அந்த ஊர்க் குழம்பு ஒரு வாய். கசப்பு மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றைக் கறுப்பாகும்வரை காய்ச்சி, அதில் கறியும் மிளகாயும் லவங்கப்பட்டையும் போட்டு வேகவைப்பது. தொட்டுக்கொள்ள, பிழிந்த சக்கையில் சுட்ட அப்பம். கறுத்த சாறு ஒரு புட்டி கொண்டுவந்திருந்தாள். சொட்டுச் சொட்டாக இரண்டு வருஷம் ஓட்டினாள். வெறும் புட்டி இன்னும் மாடத்தில் இருந்தது. கிழவர் தக்கையைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். எனக்குத் தக்கை வாசனைதான் வந்தது. அவர் தாமும் ஒருமுறை முகர்ந்துவிட்டு மூடிவைத்தார்.

மிச்சத்தை ராஜம்மா சொன்னாள். "பதினாறாம் நாளு காக்கா வர்லண்ணே. வட, பாயாசம், கருவாடு, எல்லாம் வெச்சிகீது. செவுத்து மேல குந்திகினு பாக்குது, எறங்க மாட்டேங்குது. சொந்தம் பூராவும் பசியோட நின்னுகினு கீது. அப்பால நைனா கையெடுத்துக் கும்புட்டு, 'ஏ அங்கம்மா, வருசத்துக்குள்ள உனக்கு அந்தக் கறுப்புக் கொயம்பு ஆக்கிப் போட்டுடறேன், வா'ன்னுச்சி. சொல்லி வாய மூடல, எறங்கிக் கொத்திச்சி."

அத்தனை பேர் முன்னால், செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு. வருஷப் படையல் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. கசப்பு மரவள்ளி இதுவரை கிடைக்கவில்லை.

ஆறுதலாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா எல்லாமே அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதான். போர்த்துக்கீசியர் போன்றவர்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள். அங்கம்மா ஒருநாளும் தன் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் இருக்கவில்லை என்றேன். கிழவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"மொளகா அங்கேர்ந்து வந்திச்சி, சரி. அங்கம்மாவும் அங்கேர்ந்து வந்திச்சி. மொளகா ஊர மறந்துட்ச்சி வாத்யாரே. அவ மறக்கலியே."



வியாழக்கிழமை டிராமில் இருவரும் கொத்தவால் சாவடிக்குப் போனோம். மரவள்ளி கிடைத்தது. கடைக்காரர் ஒரு துண்டை ஒடித்து, இனிப்பு என்று காட்டத் தாமே மென்று தின்றார். கசப்பு வேண்டும் என்றதும், கசப்பு வேண்டுமென்றால் பாகற்காய்க் கடைக்குப் போங்கள் என்று கையைக் காட்டினார். கிழவர் மனம் தளராமல் இனிப்புக் கிழங்கையே ஒரு கூடை வாங்கினார். துருவி, பிழிந்து, அப்படியே அடுப்பில் வைத்தார். கால்மணி நேரத்தில் சாறு கெட்டியாகி, சாம்பல் நிறத்தில் கூழாக நின்றது. எதிர் வீட்டில் இஸ்திரி போடும் கன்னியப்பன் வந்து எட்டிப் பார்த்தார்.

"மாமு, இத்த எங்கிட்ட குடுத்துடு. பத்து வேட்டி மொறமொறன்னு நிக்கும்."

ராஜம்மாகூடச் சிரித்துவிட்டாள். கிழவர் சிரிக்கவில்லை. மாவை அடியில் தங்கவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்தச் சாறு காய்ச்சுவதை அவர் சிறுவயதில் பார்த்திருந்தாரே தவிரச் செய்ததில்லை. அங்கே அதைக் காட்டு ஜனங்கள் காய்ச்சிப் புட்டியில் ஊற்றி விற்பார்கள். தோட்டத்து ஜனங்கள் வாங்குவார்கள். சோறு வடிப்பதுபோல் எல்லாருக்கும் தெரிந்த வேலை இல்லை.

கூழைப் பார்த்ததும் நான் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் அரிசி இல்லை. மரவள்ளிதான் மூன்று வேளையும். 1944இல் என் தம்பி கதிரேசன், ஏழு வயது, விளையாடப் போன இடத்தில் யாரோ சுட்டுக் கொடுத்த கிழங்கைத் தின்றான். கசப்பு ஜாதி. சரியாக வேகவில்லை. சாயங்காலம் வாந்தி எடுத்தான். விளக்கேற்றும் நேரத்துக்கு அவன் இல்லை. யுத்தம் முடிந்தபிறகு எங்கள் வீட்டுக்குள் மரவள்ளி வந்ததில்லை. வீராசாமி தேடுவது எனக்கு விஷம். அதை அவரிடம் சொன்னேன். அவர், கொதிக்கக் கொதிக்க விஷம் ஆவியாய்ப் போய்விடும் என்று அங்கே சொல்வார்கள் என்றார். அது எனக்கும் தெரியும். எங்கள் ஊரிலும் அதைப் பிறகு எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை, துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ஒரு நாயர் டீக்கடையில் வேகவைத்த மரவள்ளித் துண்டுகளைத் தட்டில் பார்த்தோம். கசப்பு ஜாதி பற்றிக் கேட்டதற்கு நாயர் ஆச்சரியப்படவில்லை. எண்ணூரில் ஒரு சவுக்குத் தோப்புக்குக் காவலாக இருக்கும் குஞ்ஞப்பன் தம் உறவு என்றும், பன்றியும் பெருச்சாளியும் தோண்டாமலிருக்க அவர் வேலி ஓரமாகக் கசப்பு ஜாதியைத்தான் நட்டிருக்கிறார் என்றும் சொன்னார். கிழவர் டீயைக் குடிக்காமலே எழுந்தார். நான்தான் உட்காரவைத்தேன்.

திங்கட்கிழமை காலை ரயிலில் எண்ணூருக்குப் புறப்பட்டோம். பெட்டி முழுக்க மீன்காரப் பெண்கள். விடியுமுன் பட்டணத்துக்கு மீன் கொண்டுவந்து விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு திரும்புகிறவர்கள். கொருக்குப்பேட்டை சரக்குக் கொட்டடியில் வண்டி நின்று நின்று ஊர்ந்தது. கிழவரின் மடித்துவைத்த சாக்கைப் பார்த்து ஒரு பெண் கேட்டாள்: "இன்னா பெர்சு, உன் சரக்கும் வித்துப்பூட்ச்சா?" வாங்கத்தான் போகிறேன் என்றார் கிழவர். எண்ணூரில் மீனும் உப்பும் தவிர வாங்க என்ன இருக்கிறது என்று பெட்டி பூராவும் ஆலோசனை நடந்தது. பெண் பார்க்கப் போகிறார் என்று தீர்மானமாயிற்று. மாப்பிள்ளைத் தோழன் நான்.

திருவொற்றியூரில் வண்டி நின்றேவிட்டது. முன்னால் ஒரு சரக்கு வேகன் தடம் இறங்கிவிட்டதாம். பெண்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். கிழவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெயிலில் கால்வாய்க்கரை வரை நடந்தோம். உப்பு ஏற்றக் காலியாக எண்ணூர் போகும் படகு ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் கரையில் நடந்து கயிற்றால் இழுக்க, ஒருவர் கழியால் தள்ள, படகு நகர்ந்தது. பினாங்கில் நீராவிப் படகில் கடலைக் கடந்து பழகியவனுக்கு, கரையில் மேயும் எருமை எங்களை முந்திப் போவது ஒரு புது அனுபவம். தண்ணீர் சேற்று நாற்றம் அடித்தது. போகப்போக உப்புக் காற்று வந்தது. பாத்திகளில் வெள்ளை படிந்திருந்தது. டெமரேராவிலும் கரும்பை இப்படித்தான் கால்வாயில் கொண்டுபோவார்கள் என்று கிழவர் சொன்னார். அங்கே கோவேறு கழுதை இழுக்கும்.

குஞ்ஞப்பன் தோப்பின் நடுவில் ஓலைக் குடிசையில் இருந்தார். நாயர் பெயரைச் சொன்னதும் இளநீர் வெட்டினார். கிழங்கு என்றதும் முகம் மாறியது. தன் வெள்ளாடு அந்த இலையைக் கடித்துச் செத்த கதையைச் சொன்னார். மனைவி இறந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று கிழவரைக் கேட்டார். பிறகு கிணற்றடிக்குத் தண்ணீர் மொள்ளப் போகிறவர்போல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கொடுக்க மாட்டேன் என்றார். சாப்பாட்டுக்கு யாராவது கசப்புக் கிழங்கு தேடி இவ்வளவு தூரம் வருவார்களா? அவர் பிறந்த ஊரில் இதே கிழங்கைப் பச்சையாகத் தின்று கதையை முடித்துக்கொண்ட ஆண்களை அவருக்குத் தெரியும். பெண்டாட்டி செத்த வருஷத்திலேயே.

எனக்கு அதுவரை அப்படி ஒரு நினைப்பு வந்ததில்லை. வந்தபிறகு போகவில்லை. குடிசை வாசலில் காலிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவரைத் திரும்பிப் பார்த்தேன். வாக்கு, காக்கை, படையல் எல்லாவற்றையும் குஞ்ஞப்பனிடம் சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டார். கிழங்கை நான்தான் சுமக்க வேண்டும். அடுப்பில் ஏறும்வரை கிழவர் கையில் தனியாக விடக் கூடாது. ஒப்புக்கொண்டேன். வேலி ஓரத்தில் பத்துச் செடியைப் பிடுங்கினார்.

மூட்டை கனம். நான் சுமந்தேன். திரும்பும் வழியில் ரயில் ஓடியது. பெட்டியில் மூட்டையை என் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். கிழவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "எங்கைல குடுக்காதேன்னானா அவன்?"

ஆமாம் என்றேன்.

"சாவறதுன்னா, ஆர்பர்ல இம்மா வருசம் தண்ணி மேலதான நின்னுகினு இருந்தேன்? அதுக்கோசரம் எண்ணூர் வரிக்கும் ரயிலேறி வரணுமா?" கொஞ்சம் பொறுத்து, "கேட்டவன் நல்லவன்தான்" என்றார்.

நான் சிரித்தேன். ஆனாலும் அன்றிரவு மூட்டையை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பின்புறத்தில் வேலை. தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டுத் துருவுகிற தகடு செய்தார் கிழவர். துருவியதைப் பழைய வேட்டியில் கட்டிக் கதவுக் கொண்டியில் மாட்டி, கம்பு கொடுத்து முறுக்கினோம். அங்கே இதற்கென்றே நீளமாகப் பின்னிய கூடை உண்டாம். பாம்பு மாதிரி இருக்குமாம். சாறு சட்டியில் வெள்ளையாக விழுந்தது. சிந்திய இடத்தைக் கோழி கொத்தப் போக, நான் செருப்பை எறிந்து விரட்டினேன். இந்தத் தடவை மாவு அடியில் தங்கும்வரை பொறுத்திருந்தோம்.

புதன்கிழமை காலை தெளிந்த தண்ணீரைப் பெரிய அலுமினியப் பானையில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். மூடி போடக் கூடாது, வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். முதலில் வெள்ளை நுரை. மதியத்துக்கு மஞ்சள், பிறகு பழுப்பு. சாயங்காலம் பானையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் கருப்பட்டிப் பாகுபோல் கறுத்திருந்தது. கிழவர் மாடத்திலிருந்து புட்டியை எடுத்து வந்து, அதன் அடியில் காய்ந்திருந்த கறுப்பு வளையத்தையும் பானையையும் மாறிமாறிப் பார்த்தார். பானையை இறக்கச் சொன்னார்.

அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. நான் ருசி பார்க்க வேண்டும் என்றேன். என் மனதில் இருந்தது ருசி அல்ல, விஷம். கிழவருக்கும் ருசி பார்க்க வேண்டியிருந்தது. உப்பு, காரம், எல்லாம் நாக்கு சொல்ல வேண்டியது. ராஜம்மா குறுக்கே நின்றாள். படையலுக்கு ஆக்குவதை ஒரு சொட்டு நாக்கில் வைத்தாலும் எச்சில். காக்கை எடுத்தபிறகுதான் மனுஷர். "எச்சப் பண்டத்த அம்மாவுக்கு வெக்க நா உட மாட்டேன் நைனா" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அந்தக் குழம்புச் சட்டியை அங்கே காலி செய்யவே மாட்டார்களாம், தினமும் காலையில் ஒரு கொதி வைத்து, புதுக் கறி போட்டு, வருஷக்கணக்கில் வைத்திருப்பார்களாம். கிழவர் சொல்லியிருக்கிறார். "அந்தக் கலீஜ் வேல இங்க நடக்காது. படையல் போட்டது மறுநாளு வூட்ல தங்கக் கூடாது."

கிழவர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை. ராஜம்மா விடியற்காலையில் குளித்து, ஆட்டுக்காலும் கறியும் போட்டு, மிளகாயும் லவங்கமும் பட்டையும் சேர்த்து, கறுப்புச் சாற்றில் வேகவைத்தாள். உப்பைக் கண்ணால் பார்த்துப் போட்டாள். சக்கையைச் சலித்துத் தோசைக்கல்லில் பரப்பிக் கிழவர் அப்பம் சுட்டார். மாவில் நீர் சேர்க்கவில்லை. சூட்டில் தானே ஒட்டிக்கொண்டது. தெரு முழுக்க ஒரு வாசனை. வெல்லம் கருகியது போலவும் இல்லை, கறி வாசனையாகவும் இல்லை.

படம் கிடையாது. அங்கம்மாவின் ஒரு புடவையை மடித்து வைத்து, விளக்கேற்றி, இலை போட்டார்கள். கன்னியப்பன் குடும்பத்தோடு வந்திருந்தார். பதினாறாம் நாளுக்கு வந்திருந்த உறவுக்காரர்களும் வந்தார்கள். அந்த வாக்கைக் காதால் கேட்டவர்கள். காக்கைக்கு உரிய இலையைப் பின்சுவரில் வைத்துவிட்டு எல்லாரும் அண்ணாந்து நின்றோம்.

காக்கை வரவில்லை. ஒன்றுகூட. கன்னியப்பன் கா கா என்று கத்தினார். பிள்ளைகள் கத்தினார்கள். கடற்கரைப் பக்கம் வானத்தில் கறுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. கட்டுமரங்கள் கரையேறும் நேரம். மீன் கொட்டிக்கிடக்கும் இடத்தை விட்டு எந்தக் காக்கை வரும்? கொஞ்சம் நேரம் அதையே எல்லாரும் சொன்னார்கள். பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு கிழவி ராஜம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். இன்னும் ஏதோ குறை இருக்கிறது என்றிருப்பாள். ராஜம்மா முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டு, "நைனா, வேற இன்னா கேட்டிச்சி அம்மா? நெனச்சிப் பாரு" என்றாள்.

கிழவர் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு இலையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அங்க காக்காவே கெடயாது" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அந்தக் கண்டத்தில் நம் காக்கை இனம் இல்லை.

"கெடயாது. பொணந்தின்னி கய்குதான் கீது. அதுக்கா போடுவாங்க? எங்கம்மா செத்தப்போ எங்க நைனா சோத்த வெச்சிகினு நின்னுது, எதுவும் வர்ல. அங்க நம்ம ஆளுங்க இன்னா பண்ணுவாங்கன்னா, செத்தவங்களுக்கு யாரு ரொம்ப ஒறவோ அவன் காக்கா. அவன் மொத வாய் துன்னணும். அப்பால எல்லாரும். அங்கம்மா இங்க வந்து எறங்கினப்போ காக்காவப் பாத்து பயந்துகினு வூட்டுக்குள்ள ஓடிச்சி. அவளுக்கு இன்னா தெரியும் காக்காவப் பத்தி?"

"அன்னிக்கி வந்திச்சே" என்றாள் ராஜம்மா.

"அன்னிக்கி வந்தது உங்க எல்லாருக்கோசரம்."

கையை இலைக்குக் கொண்டுபோனார். நான் என்னை அறியாமல் இரண்டடி முன்னால் போய்விட்டேன். குஞ்ஞப்பனின் முகம், கதிரேசனின் முகம். கிழவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "குந்து வாத்யாரே" என்றார், மெதுவாக.

நான் உட்கார்ந்தேன்.

அவர் அப்பத்தைக் கிள்ளி, குழம்பில் அழுத்தி, வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார். ஆட்டுக்கால் துண்டு ஒன்றை எடுத்துச் சூப்பினார். தண்ணீர் குடித்தார்.

"எப்டி கீது நைனா?"

"உப்பு கம்மி" என்றார். "அவளும் கம்மியாத்தான் போடுவா."

ராஜம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எச்சில் என்று சொல்லவில்லை. சட்டியிலிருந்து தனக்கு ஊற்றிக்கொண்டு ஓர் அப்பத்தை எடுத்தாள். அதை இரண்டாக மடித்தாள். மடித்த விளிம்பை மட்டும் குழம்பில் தொட்டு, நுனியில் கடித்தாள். மறுபடி தொட்டாள். இங்கே யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. தோசையானாலும் சப்பாத்தியானாலும் பிய்த்துத்தான் தொடுவார்கள். கிழவர் தம் கையை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தார்.

"அங்கம்மா அப்டித்தான் துன்னும்" என்றார் என்னிடம். "புட்டி தீந்தப்பால அப்டித் துன்ன ஒண்ணியும் இல்ல."

ராஜம்மா அந்த ஊர் தனக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். இப்போது மடித்த அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போனதுபோல் அதைப் பார்த்தாள். அழவில்லை. மிச்சத்தையும் அதே மாதிரி தின்றாள்.

எனக்கும் இலை போட்டார்கள். ஏழு வருஷத்துக்குப் பிறகு மரவள்ளி. அப்பம் வறண்டு, மணலைப்போல் நெறுநெறுத்தது. குழம்பு இனிப்பும் கசப்பும் காரமுமாக, இதற்குமுன் என் நாக்கு அறியாத ஒன்று. நான் முழுதும் சாப்பிட்டேன். இரண்டாவது வாய்க்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கப்பல். எழுத்துப் பெட்டிகள் முந்தின நாளே துறைமுகம் போய்விட்டன. கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப வேண்டாம் என்றேன். சொல்லிக்கொள்ளப் பின்புறம் போனபோது ராஜம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைச் சட்டி அடுப்பில் இருந்தது. இரண்டு நாளாக அது வீட்டில்தான் இருந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டு புதுக் கறி, கழுவி வைத்திருந்தாள்.

நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"ஒரு கொதி வந்தா இறக்கிடுவேண்ணே" என்றாள். "நைனா ஏந்திரிக்கறதுக்குள்ள."